தன் வழக்கில் வாய் திறக்காத வக்கீல்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகியும் மனம் அதிலிருந்து மீளவில்லை. அதனால் இன்று அதைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். 1990இல் வெளிவந்த 'ப்ரிசூம்டு இன்னசன்ட்'. ஹாரிசன் ஃபோர்டு நடித்தது, ஆலன் ஜே. பகுலா இயக்கியது. முடிவை நான் சொல்லமாட்டேன், கொலை செய்தது யார் என்பதையும் சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் வரும் ஒரு குறுக்கு விசாரணையை விரிவாகச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. அதுகூடத் தெரிய வேண்டாம் என்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

முதல் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஆளில்லாத நீதிமன்றம். ஜூரிகள் உட்காரும் நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருக்கின்றன. கேமரா மிக மெதுவாக அவற்றை நோக்கி நகர்கிறது. பின்னணியில் ஃபோர்டின் குரல். தான் ஓர் அரசு வழக்கறிஞர் என்றும், குற்றம் சாட்டுவதும் தீர்ப்பளிப்பதும் தண்டிப்பதுமான ஒரு வேலையில் தானும் ஒரு பங்கு என்றும் சொல்கிறது. நம் நீதிமன்றங்களில் ஜூரி முறை இப்போது இல்லை என்பதால், அந்தக் காலி நாற்காலிகளின் கனம் முதல் முறை பார்க்கும்போது எனக்குப் புரியவில்லை. சட்டம் படிக்காத பன்னிரண்டு பேர் அங்கே உட்காரப்போகிறார்கள். அவர்களை நம்பவைப்பதுதான் இந்த மனிதரின் தொழில். அவர் வாழ்க்கை முழுவதும் அந்த நாற்காலிகளைப் பார்த்துப் பேசியே கழிந்திருக்கிறது. படம் அவரிடமிருந்து பறிப்பது அந்தப் பேச்சைத்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கின்டில் கவுன்ட்டி என்ற கற்பனை ஊர். அங்கே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் ரஸ்டி சாபிச். அதே அலுவலகத்தின் வழக்கறிஞர் கரோலின் தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அலுவலகத் தலைவர் ரேமண்ட் ஹோர்கன் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பதவிக்கு மக்கள்தான் வாக்களித்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் அலுவலகப் பெண்ணைக் கொன்றவனைப் பிடிக்கத் தெரியாதவர் என்ற பெயரோடு வாக்குக் கேட்க முடியுமா? விசாரணையை ரஸ்டியிடம் ஒப்படைக்கிறார். ரஸ்டிக்கும் கரோலினுக்கும் உறவு இருந்தது. அதை ரஸ்டி சொல்லவில்லை. தேர்தலில் ஹோர்கன் தோற்கிறார். புதிதாக வந்தவர்கள் ரஸ்டியின் மீதே கொலைக்குற்றம் சாட்டுகிறார்கள்.

கவனித்துப் பார்த்தால் இந்த மனிதர் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லை, சொல்லாமல் விட்டதால் மாட்டிக்கொள்கிறார். ஒரு சின்ன இடம். விசாரணையில் உதவும் லிப்ரான்சர் என்ற போலீஸ்காரரிடம், தொலைபேசிப் பதிவுகளை எடுக்கும்போது என் வீட்டு எண்ணை விட்டுவிடு என்று ரஸ்டி கேட்கிறார். நண்பனுக்காக அவரும் விட்டுவிடுகிறார். சாதாரணமாகக் கேட்ட உதவிதான். பின்னால் அதுவே கழுத்தை நெரிக்கிறது.

இன்னோர் இடம். கொலை நடந்த இரவில் நீ அங்கே இருந்தாய் என்று டாமி மோல்டோ என்ற வழக்கறிஞர் முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டும்போது, ரஸ்டி எரிச்சலில், ஆமாம், நீ சொல்வதுதான் சரி என்கிற மாதிரி வெடுக்கென்று சொல்லிவிடுகிறார். கேலியாகச் சொன்னது. ஆனால் எதிர்த்தரப்பு அதை ஒப்புதல் வாக்குமூலம் போலப் பிடித்துக்கொள்கிறது. தாளில் எழுதினால் கேலி தெரியாது அல்லவா? எத்தனையோ குற்றவாளிகளின் வாயிலிருந்து வார்த்தை பிடுங்கியவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நமக்குப் பதறுகிறது. தெரியும். கோபம் வந்த அந்த நொடியில் அவர் வக்கீலாக இல்லை.

அதற்குப் பிறகு அவர் வாய் அடைக்கப்படுகிறது. அவருக்காக வாதாட வருபவர் சாண்டி ஸ்டெர்ன், இத்தனை காலம் நீதிமன்றத்தில் ரஸ்டிக்கு எதிர்த்தரப்பில் நின்றவர். ரவுல் ஹூலியா நடித்திருக்கிறார். நான் பார்த்த நீதிமன்றப் படங்களில் இவ்வளவு மரியாதையோடு ஆளை வீழ்த்துகிற வக்கீலைப் பார்த்ததில்லை. குரல் உயராது, மேசையைத் தட்டமாட்டார். அளந்து பேசுவார். பக்கத்தில் ரஸ்டி உட்கார்ந்திருக்கிறார். விசாரணை முழுவதிலும் அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதே இல்லை. தனக்கெதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். அது ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் பேச்சையே தொழிலாக வைத்திருந்த ஒருவரை அந்தப் பாதுகாப்பு எப்படி வதைக்கிறது என்பதை ஃபோர்டு முகத்திலேயே காட்டிவிடுகிறார். ஒட்ட வெட்டிய தலைமுடி, இறுகிய தாடை, அங்கும் இங்கும் ஓடுகிற கண்கள். தன் பழைய தலைவர் ஹோர்கனே கூண்டில் ஏறி, இந்த விசாரணையை ரஸ்டிதான் கேட்டு வாங்கினான் என்று பொய் சொல்லும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அவரால் எழுந்து ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல முடியாது.

இப்போது அந்தக் குறுக்கு விசாரணை. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கூண்டில் இருக்கிறார். தன்னைப் பற்றி மிகுந்த நம்பிக்கையுள்ள ஆள். கரோலினின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில் ரஸ்டியின் ரத்தப் பிரிவோடு ஒத்துப்போகும் தடயம் இருந்தது என்கிறார். டி.என்.ஏ. சோதனை பரவலாக வருவதற்கு முந்தைய கதை, அதனால் ரத்தப் பிரிவுக்கே அவ்வளவு மதிப்பு. அதே மாதிரியில் கருத்தடைக்குப் பயன்படும் ஒரு களிம்பும் இருந்ததாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஸ்டெர்ன் பணிவாக எழுந்து கேள்விகளைத் தொடங்குகிறார். கரோலின் சில ஆண்டுகளுக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பது படிப்படியாக வெளியே வருகிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு அந்தக் களிம்பு எதற்கு? அப்படியானால் சோதனைச் சாலைக்குப் போன மாதிரி உண்மையிலேயே அந்த உடலிலிருந்து எடுத்ததுதானா? மருத்துவரின் முகத்தில் இருந்த மிடுக்கு மெல்ல மெல்ல வடிவதை கேமரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவரும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. அவ்வப்போது நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தக் காட்சி வந்ததும் கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டெர்ன் மூன்றாவது கேள்வி கேட்பதற்குள், "டாக்டர் முடிந்தார்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வக்கீல் தாளைப் பார்க்கவில்லை, டாக்டர் பார்க்கிறார்" என்றார். அன்றிரவு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்தக் காட்சியில் யார் கண் எங்கே போகிறது என்பதை மட்டும் வைத்தே யார் கை ஓங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு பொருளையும் கவனியுங்கள். கரோலின் வீட்டில் கிடைத்த ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் ரஸ்டியின் விரல் ரேகை இருக்கிறது. வழக்கின் முதுகெலும்பே அதுதான். விசாரணை நேரத்தில் அது காணவில்லை. தடயம் எங்கே என்று கேட்கிறார்கள், யாரிடமும் இல்லை. அது எங்கே போனது, ஏன் போனது என்பதைச் சொல்லமாட்டேன். அது மறுபடி திரையில் தெரியும்போது நீங்கள் என்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையை எழுதிய ஸ்காட் டுரோ, சிகாகோவில் எட்டு ஆண்டுகள் மத்திய அரசின் வழக்கறிஞராக இருந்தவர். வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து எழுதிய நாவல் 1987இல் வந்தது. அந்த நாட்களில் சிகாகோவில் 'கிரேலார்டு' என்ற பெயரில் நீதிபதிகளின் லஞ்ச ஊழல்கள் மீது பெரிய விசாரணை நடந்தது. பல நீதிபதிகள் தண்டிக்கப்பட்டார்கள். அதில் வழக்கு நடத்தியவர்களில் டுரோவும் ஒருவர். படத்தில் காணாமல் போன ஒரு வழக்கு ஃபைலைப் பற்றி ஸ்டெர்ன் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். நீதிமன்றத்தை உள்ளேயிருந்து பார்த்தவரின் கை அங்கே தெரிகிறது.

ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். பழுப்பு நிறம், மங்கிய விளக்கு, பாதி முகம் நிழலில். ஜான் வில்லியம்ஸின் இசையில் பியானோதான் முன்னால் நிற்கிறது.

ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கரோலினைப் படம் சரியாக நடத்தவில்லை. பதவிக்காக ஆண்களைப் பிடித்து ஏறியவள் என்று எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், பதில் சொல்ல அவள் உயிரோடு இல்லை. ஆனால் ஒரே ஒரு பழைய நினைவுக் காட்சி இருக்கிறது. பெற்ற தாயாலேயே தலையைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெரிக்கப்பட்ட ஒரு சின்னப் பையன். அவனுக்குப் பேச வாய் வரவில்லை. கரோலின் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல், அவனைப் பேசவைக்கிறாள். கிரேட்டா ஸ்காக்கி அந்த இரண்டு நிமிடத்தில் என்னமாய் நடித்திருக்கிறார்! அந்தக் கரோலினை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்று மூன்று முறையும் ஏங்கினேன். ரஸ்டியின் மனைவி பார்பராவாக வரும் போனி பெடீலியாவும் அப்படித்தான். கணிதத்தில் ஆய்வுப் பட்டத்துக்காகப் படிக்கிற பெண், கணவனின் துரோகம் ஊருக்கே தெரிந்த பிறகும் நீதிமன்றத்துக்கு வந்து உட்காருகிறாள். அவள் முகத்தையும் கவனித்து வையுங்கள்.

2024இல் இதே கதையைத் தொடராகவும் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் முதலில் 1990இன் படத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், வில்லிஸின் நிழல்களுக்கு அது தேவை. கடைசியில் படம் மறுபடியும் அந்தக் காலி நாற்காலிகளுக்கு வரும், ஃபோர்டின் குரலும் வரும். அப்போது உடனே எழுந்து போய்விடாதீர்கள். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அப்பா அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.