பிஎச்.டி. முடித்து என்ன செய்வது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை, அதனால் மற்றதெல்லாம் அடுத்த முறை. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சார், தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு கோவையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பயன்பாட்டுத் தத்துவத்தில், அதிலும் மருத்துவ அறத்தில், பிஎச்.டி. செய்ய ஆசை. அதை முடித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்கிறார் அப்பா. செய்யலாமா?"

கணக்கு வழக்கை முதலில் முடித்துவிடுவோம். எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள், ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. படிப்பு குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்யவும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள் இடம் தருகின்றன, கம்பெனியில் ஆட்சேபணை இல்லை என்று என்ஓசி கடிதம் வாங்க வேண்டும். எம்.ஃபில். இப்போது கிடையாது, முதலில் அதைப் பண்ணு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் தத்துவத் துறை இருக்கிற கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம், பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அப்பா இதைத்தான் கேட்கிறார் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எங்கே சுற்றினாலும் நான் ஒரே இடத்துக்குத்தான் வருவேன்: எந்த அறச்சிக்கலாக இருந்தாலும் கடைசியில் யாரோ ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார், அந்த ஆளைத் தேடு. இங்கிலாந்துத் தத்துவக்காரர் மேரி வார்னாக்கைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை. 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார், முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. உடனே பிரச்சினை, ஆய்வகத்தில் இருக்கும் கருவை எத்தனை நாள் வைத்து ஆராயலாம்? 1982இல் அரசு ஒரு குழு போட்டது. தலைவராக உட்கார வைத்தது டாக்டரை இல்லை, நீதிபதியையும் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் நடத்திய வார்னாக்கை. 1984 அறிக்கையில் 14 நாள் என்று எழுதினார்கள். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் கருவில் முதல் கோடு, அதாவது உடல் உருவாகத் தொடங்குவதன் முதல் அடையாளம், தெரியும், அதற்கு முன்னால் அது இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் ஆகலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, வளர்ச்சிக் கட்டம், வலி உணர்வு என்று வழுக்குகிற எதையும் எல்லையாக வைக்காமல் நாள் கணக்கை வைத்தது. எண்ணத் தெரிந்த ஒரு சாதாரண இன்ஸ்பெக்டர் வந்து சரிபார்க்க முடியும் பாருங்கள். 1990இல் அது சட்டமே ஆனது.

அங்கே நடந்தது, இங்கே என்ன என்பீர்கள். நம் ஊரில் புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். 2019ஆம் வருட மருந்துச் சோதனை விதிகளை எடுத்துப் பாருங்கள், கமிட்டியில் குறைந்தது 7 பேர், அதில் ஒரு சாமானியர், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், அப்புறம் வேறு துறையிலிருந்து ஒருவர். அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்ற வரிசையில் சமூகவியலாளர், தொண்டு நிறுவனக்காரர் இவர்களோடு தத்துவம் படித்தவர் என்றும் எழுதியிருக்கிறது. அரசிதழிலேயே நமக்கு ஒரு நாற்காலி!

அப்படி ஒரு நாற்காலியில் உட்காரும் நண்பர் ஒருவர் சொன்னார். ஒப்புதல் படிவம் தமிழில், பத்துப் பதினைந்து பக்கம். "எந்நேரத்திலும் இவ்வாய்விலிருந்து காரணம் கூறாமல் விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரி. நோயாளிக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டுகிறார்கள், அவர் கேட்கிறார்: "விலகிட்டா இந்த மாத்திரையை அப்புறமும் தருவீங்களா?" சம்மதம் என்றால் என்ன என்று நூறு பக்கம் எழுதலாம், அந்த அம்மா ஒரு வரியில் கேட்டுவிட்டார். அடியில் கட்டைவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. சோதனையோடு சம்பந்தமில்லாத ஆள்தான் சாட்சியாக இருக்க வேண்டும். வார்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கட்டில்காரரா? அவருக்கும் அதே டாக்டர்தானே வைத்தியம் பார்க்கிறார்? இது ஒரு பிஎச்.டி. தம்பி, எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

இன்னொன்றும் தருகிறேன். தேறாத நிலை வந்தால் எனக்கு வெண்டிலேட்டர் வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. உயில் எழுதவே அலுத்துக்கொள்கிற நம் ஜனம் கோர்ட்டுக்கா போகும்? 2023இல் நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும் என்று மாற்றினார்கள். யார் கையெழுத்து என்பதை மாற்றினால் உரிமையே கைக்கு எட்டுகிறது, கவனித்தீர்களா? இன்னொரு பக்கம், நம் தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று, படுத்த படுக்கையான பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. அங்கே கையெழுத்தும் கிடையாது, தாளும் கிடையாது, பெரியவரைக் கேட்டார்களா என்பதும் தெரியாது. கருணைக்கொலை பற்றி மேல்நாட்டுப் புத்தகத்திலிருந்தே உதாரணம் எடுத்துத் தீசிஸ் எழுதுகிறவர்கள் ராஜபாளையத்துக்கு ஒரு பஸ் ஏறிப் பார்க்கலாம்.

ஆகவே செய்யலாமா என்று என்னைக் கேட்பதைவிட, எதைச் செய்ய என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கைடு தேடும்போதும் இதைப் பாருங்கள். பெரிய பெயரைவிட, உங்களை ஆஸ்பத்திரி வாசல் வரை அனுப்பத் தயங்காத ஆள் முக்கியம். களத்துக்குப் போவதெல்லாம் சமூகவியல்காரர்கள் வேலை என்று சொல்லும் தத்துவப் பேராசிரியர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோவையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம், கமிட்டிகளில் அந்தச் சாமானியர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று விசாரித்துவிட்டு சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதுங்கள், எனக்கும் அனுப்புங்கள், வாசிக்கிறேன். ஆரம்பத்தில் ஜெர்மன் தத்துவஞானி காண்ட் பற்றி எல்லாரும் எழுதுகிற அந்த மூன்று பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.