யாருக்குச் சிரிப்பு வருகிறது?

நெல்லை வட்டார நேயர்களுக்கு வணக்கம். வெப்காமிக்ஸ் என்று இளைஞர்கள் சொல்லும் இணையப் படக்கதைகளை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டினால், 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது?' என்ற கேள்விதான் பெரும்பாலும் வருகிறது. நியாயமான கேள்வி அது. ஆனால் அதையே தீர்ப்பாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கரான ராண்டல் மன்றோ 2005 முதல் எக்ஸ்கேசிடி என்ற படக்கதையை இணையத்தில் வரைந்து வருகிறார். தலைக்கு ஒரு வட்டம், கை கால்களுக்குக் கோடுகள். முகத்தில் கண்ணும் மூக்கும்கூடக் கிடையாது. அதில் நான்கே கட்டங்கள் கொண்ட ஒரு படத்தில், பள்ளியிலிருந்து ஒரு தாய்க்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. அவர் மகனுக்கு வைத்த பெயருக்குள் மாணவர் பட்டியலையே அழித்துவிடும் கணினிக் கட்டளை ஒன்று ஒளிந்திருப்பதால், அந்த ஆண்டின் பதிவுகள் அத்தனையும் போய்விட்டன என்று பள்ளி முறையிடுகிறது. உள்ளே வருவதைச் சரிபார்த்து வாங்க இப்போதாவது கற்றுக்கொண்டிருப்பீர்கள் என்கிறார் தாய். பாளையங்கோட்டையில் கணினி படிக்கும் பிள்ளை இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்தில் இருக்கும் தாத்தாவுக்கு எவ்வளவு விளக்கினாலும் விஷயம் புரியுமே தவிரச் சிரிப்பு வராது.

நம் பக்கத்து அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டே புலவர் எதிரே இருப்பவர்களின் முகங்களைப் பார்க்கிறார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழவில்லையென்றால் அடுத்த வரியிலேயே உள்ளூர்ச் சங்கதி ஒன்றை இழுத்துவிடுகிறார், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு அதைத் தூக்கிவிடுகிறார். இணையத்தில் வரைபவருக்கு எந்த முகமும் தெரிவதில்லை. ஆகவே அவர் தமக்குச் சிரிப்பு மூட்டியதை வரைகிறார். அதே படிப்பும் பழக்கமும் உள்ளவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அதைத் தேடி வந்து சேர்கிறார்கள். வார இதழின் துணுக்குக்கு எல்லா வாசகரையும் சிரிக்கவைக்க வேண்டிய கட்டாயம் உண்டு. இதற்கு அது இல்லை.

மெய்ப்பாடுகள் எனப்படும் எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கும் தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கில் பிறக்கும் என்கிறார். இவற்றுள் எள்ளல்தான் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுகிறது என்பது என் எண்ணம். பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளியபோது தானே நகுவதும் என எள்ளலை இரண்டாகக் காட்டுகிறார் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர். இந்த இரண்டாவது எவ்வளவு அரிது என்பதை 1987 இல் தமிழகமே பார்த்தது. அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்து ஆனந்த விகடன் அட்டையில் வந்த துணுக்கை உரிமை மீறலாகக் கொண்ட சட்டமன்றம், ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் நம் சேரன்மகாதேவித் தொகுதியின் பி.எச். பாண்டியன். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே ஆசிரியர் விடுதலையானார்.

இதனால் இணையத்தில் வருவதெல்லாம் நல்ல படக்கதை என்று ஆகிவிடாது. மூன்றாம் கட்டத்தில் முடிந்துவிட்ட வேடிக்கைக்கு நான்காம் கட்டத்தில் விளக்கம் எழுதுவதும், படமே தெரியாத அளவுக்குப் பேச்சை அடைப்பதும் யார் பார்த்தாலும் குறைதான். தமிழில் வரையும் இளைஞர்களிடம் இதைவிட என்னை வருத்துவது, அவர்கள் திரைப்பட வசனத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாள்வது. வண்ணார்பேட்டை டீக்கடையில் ஒருவர் 'ஏல, சும்மா கெட' என்பதை அப்படியே எழுதினால் மதுரைக்கு வடக்கே யாருக்கும் சுவைக்காது என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே வேண்டாம். அதைச் சுவைக்கத் தெரிந்தவர்கள் தூத்துக்குடியிலும் மும்பைத் தாராவியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிக்கு அது எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும்.