வராதீர்கள் என்றவரைத் தேடிப் போகும் வாசகர்கள்: எட்வர்ட் ஆபியை எப்படிப் படிப்பது?

[காட்சி: விடியற்காலை. செம்பாறைத் தூண் ஒன்றின் உச்சியில் தனியே நிற்கும் பெருங்கல்.]

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை ஒட்டி இருக்கிறது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. திரையில் தெரியும் கல்லுக்கு பேலன்ஸ்டு ராக் என்று பெயர். 1956-லும் 1957-லும் கோடைப் பருவம் முழுக்க இதன் அருகே ஒரு டிரெய்லர் வீட்டில் தங்கி ரேஞ்சராக, அதாவது பூங்காக் காவலராக, வேலை பார்த்தவர் எழுத்தாளர் எட்வர்ட் ஆபி. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுரை நூல் 'டெசர்ட் சாலிடேர்' 1968-இல் வெளிவந்தது.

அதன் முன்னுரையிலேயே அவர் வாசகரைத் தடுக்கிறார். இதைப் படித்த கையோடு அடுத்த ஜூனில் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், காருக்குள் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது, இறங்கி நடங்கள், முடிந்தால் தவழுங்கள் என்கிறார். வாசகர்களோ இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார்கள்.

[காட்சி: டிரெய்லர் வாசற்படி. கீழே நிழலில் சுருண்டிருக்கும் பாம்பு. ஓவியமாக.]

அவர் மேல் ஏன் இவ்வளவு பிரியம்? பாம்பு அத்தியாயத்தைப் படித்தால் பிடிபடும். ஒரு நாள் காலை, வெறுங்காலைத் தொங்கவிட்டபடி வாசலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். படிக்கட்டுக்கு அடியில், காலுக்கு நேர் கீழே, ஒரு கிலுகிலுப்பை விரியன். பூங்காவில் உயிர்களைக் காப்பதுதான் அவர் வேலை, அதனால் அடிக்க மனம் வரவில்லை. நீளக் கைப்பிடி வைத்த மண்வெட்டியால் தள்ளிவிடுகிறார். பிறகு நஞ்சில்லாத கோஃபர் பாம்பு ஒன்றைப் பிடித்து வந்து வீட்டில் விடுகிறார். எலிக்கும் எலி தேடி வரும் விரியனுக்கும் அதுவே காவல். அவர் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு அது கூடவே வேலைக்கும் போகிறது.

சில வாரங்கள் கழித்து வெட்டவெளியில் இரண்டு கோஃபர் பாம்புகள் பின்னிப் பிணைந்து ஆடுகின்றன. ஆபி வயிற்றால் ஊர்ந்து கிட்டே போகிறார். ஆட்டம் முடிந்ததும் இரண்டும் சேர்ந்து அவரை நோக்கி வருகின்றன. நஞ்சில்லை என்று தெரிந்தும் பயந்து பின்வாங்குகிறார். அந்தப் பயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயத்தில், ஒரு ஜூனிப்பர் மரத்தை மனிதக் குணம் எதுவும் ஏற்றாமல் மரமாகவே பார்க்க வேண்டும் என்று சபதம் எடுத்தவர் அவர். பாம்பிடம் அந்தச் சபதம் நிற்கவில்லை. அதையும் அந்த அத்தியாயத்திலேயே விவாதிக்கிறார். கோபக்காரர் என்று பெயரெடுத்தவரின் இந்த நேர்மைதான் வாசகரைக் கட்டிப்போடுகிறது என்பது எங்கள் கணிப்பு.

[காட்சி: தெளிந்த ஊற்று. சுற்றிலும் ஒரு புல்கூட இல்லை.]

தண்ணீர் பற்றிய அத்தியாயம் இன்னொரு ரகம். ஊற்று பளிங்கு மாதிரி இருந்து, அதில் பூச்சியோ பாசியோ ஓரத்தில் செடியோ எதுவும் இல்லையென்றால் வாய் வைக்காதே, ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கலாம் என்கிறார். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: பூச்சியும் பாசியும் இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று ஆகாது. கிருமிக்காக வடிகட்டவோ கொதிக்கவைக்கவோ வேண்டும். கொதிக்கவைத்தால் ஆர்செனிக் போகாது.

[காட்சி: வெள்ளைக் கான்கிரீட் அணை. பின்னால் நீலநீர்.]

கோபம் எங்கே தொடங்கியது? 1959-இல் ஆபியும் ஒரு நண்பரும் கொலராடோ ஆற்றில் ரப்பர் படகுகளில் கிளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு வழியாக மிதந்து போனார்கள். அதை மூழ்கடிக்கப் போகும் அணையின் வேலை அப்போதே நடந்துகொண்டிருந்தது. 1963-இல் மதகுகள் மூடப்பட்டன. தேங்கிய நீர்தான் பவல் ஏரி. அது நிரம்ப 1980 வரை ஆனது. அந்தப் பள்ளத்தாக்கை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காத தலைமுறைகள் அவர் எழுத்தின் வழியாகவே அதை இழந்த துக்கத்தைச் சுமக்கின்றன. அண்மை ஆண்டுகளின் வறட்சியில் நீர் இறங்கியபோது, மூழ்கிய கிளைப் பள்ளத்தாக்குகள் சில வெளியே தெரிந்தன. பலர் அவற்றுக்குள் நடந்துபோய்ப் பார்த்தார்கள்.

1975-இல் வந்த 'தி மங்கி ரெஞ்ச் கேங்' நாவலில் நான்கு பேர் சேர்ந்து சாலை போடும் இயந்திரங்களை முடக்குகிறார்கள். அந்த அணையைத் தகர்ப்பது அவர்கள் கனவு. 1981 மார்ச்சில் 'எர்த் ஃபர்ஸ்ட்' என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தினர் 300 அடி கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை அணையின் முகத்தில் தொங்கவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அணையில் விரிசல் விழுந்த மாதிரி இருந்தது. அன்று அங்கே ஆபி பேசினார்.

[காட்சி: நாவலும் கட்டுரை நூலும் அருகருகே.]

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நாவலில் தொடங்கினால் கலகம் மட்டும் கையில் தங்கும். எதைக் காப்பாற்ற இந்தக் கலகம் என்பது நழுவிவிடும். அதனால் முதலில் 'டெசர்ட் சாலிடேர்'. அதிலும் பாம்பு, தண்ணீர், ஆற்றுப் பயணம் என்ற மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு, தேசியப் பூங்காக்களைப் பற்றிய வாதத்துக்கு வாருங்கள். பூங்காவுக்குள் கார் வேண்டாம், புதுச் சாலை வேண்டாம், ரேஞ்சர்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வரட்டும் என்று அன்று கேட்டார். கிறுக்குத்தனம் என்று பலருக்குப் பட்டிருக்கும். 2000-லிருந்து அதே யூட்டாவில் உள்ள சயான் பூங்காவின் முக்கியப் பள்ளத்தாக்கில் நெரிசல் மாதங்களில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பேருந்துதான். ஆர்ச்சஸுக்கு 2021-இல் மட்டும் 18 லட்சம் பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறை வந்தது.

அவரைத் துறவியாக்கிவிடவும் கூடாது. பல பருவங்களை ஒரே கோடையாகச் சுருக்கி எழுதிய புத்தகம் அது, நாளேடு அல்ல. 1980-களில் மெக்சிகோவிலிருந்து வருபவர்களுக்கு எதிராக அவர் எழுதியவை இழிவானவை. பெண்களைப் பற்றி எழுதிய இடங்கள் பலவும் முகம் சுளிக்க வைப்பவை. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் படித்து, மறுத்து, அதன் பிறகும் பாம்பு அத்தியாயத்துக்குத் திரும்பும் வாசகர்தான் அவரை முழுதாகப் படித்தவர்.

1989 மார்ச்சில் இறந்தார். அவர் விருப்பப்படி நண்பர்கள் உடலை ஸ்லீப்பிங் பேக் எனும் உறங்கும் பையில் வைத்து அரிசோனா பாலைவனத்தில் அடக்கம் செய்தார்கள். இடம் ரகசியம். அதைத் தோண்டித் துருவுவது மரியாதை அல்ல.

[காட்சி: தரைமட்டத்தில் கேமரா. மணலில் கறுத்த, முண்டுமுண்டான ஏடு.]

ஆர்ச்சஸுக்கே போகிறீர்களா? ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்கான பாதை போக வர சுமார் 5 கி.மீ., ஏற்றம் 150 மீட்டர் அளவு. வழியில் நிழலும் இல்லை, குழாயும் இல்லை. கோடையில் விடியுமுன் ஏறத் தொடங்குங்கள்.

பாதையை விட்டு விலகும் ஆசை வரும்போது திரையில் தெரியும் இந்தக் கறுத்த ஏட்டைப் பாருங்கள். இது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர், லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து நூல் நூலாக மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும், செடிக்கு நைட்ரஜன் கிடைப்பதும் இதனால்தான். ஒரு தடவை மிதித்தால் நூல்கள் அறுந்துவிடும். பழையபடி ஆக ஆண்டுகள் பிடிக்கும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். ஆகவே காலை வெறும் பாறையில் வையுங்கள், அல்லது வெள்ளம் ஓடிக் காய்ந்த ஓடை மணலில். ஆபி சொன்னபடி தவழ வேண்டும் என்று தோன்றினாலும் அங்கேயே தவழுங்கள்.