நிலையம் அமையும் இடமும் எழும்பும் கட்டடங்களும்

நேயர்களுக்கு வணக்கம். நகர ரயில் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டதுமே, தடத்தை ஒட்டிய மனைகளின் விலை ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆனால், விலை ஏறிய இடங்களிலெல்லாம் கட்டடங்கள் எழுந்துவிடுவதில்லை. நிலையம் திறந்து பல ஆண்டுகள் ஆன பின்பும், சுற்றிலும் வாகன நிறுத்தமும் வெற்று மனைகளுமாகக் கிடக்கும் பகுதிகள் உண்டு. நிலையம் எங்கே வரும், அதைச் சுற்றி எதை, எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்ற இரண்டையும் அரசு முன்கூட்டியே உறுதிசெய்திருந்தால்தான் தனியார் துணிந்து முதலீடு செய்கிறார்கள் என்பது என் கருத்து.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்துள்ள ஆர்லிங்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே மெட்ரோ பாதையை நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலேயே கொண்டுபோயிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் நிலையத்தை விட்டு வெளியே வருபவரின் இருபுறமும் வாகனங்கள்தான் விரைந்துகொண்டிருக்கும். ஆர்லிங்டன் நிர்வாகமோ, வணிகம் நலிந்துகொண்டிருந்த பழைய கடைத்தெருவின் அடியில் சுரங்கமாகவே பாதை செல்ல வேண்டும் என்று வலியுறுத்தியது. ரோஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள் அமைந்தன. 1979-இல் பால்ஸ்டன் வரை ரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்துக்குள் உயரமான அலுவலகங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இடமளித்து, தள்ளிப் போகப் போக உயரத்தைக் குறைத்து, அப்பாலிருந்த தனி வீடுகளின் தெருக்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பது என்று நிலப் பயன்பாட்டுத் திட்டமும் வகுக்கப்பட்டது. தங்கள் தெருவுக்குள் அடுக்குமாடி நுழையாது என்ற உறுதி கிடைத்ததால் குடியிருப்போரின் எதிர்ப்பும் தணிந்தது. அதன்பின் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தனியார் கட்டடங்கள் அந்தத் தடத்தில் வரிசையாக எழுந்தன.

பேருந்துத் தடத்தை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். பூமிக்கடியில் கட்டிய நிலையத்தை அப்படி நகர்த்த முடியாது. கட்டுநரும், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் கணக்கில் கொள்வது இந்த நிலைத்தன்மையைத்தான்.

ஹாங்காங் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்குள்ள ரயில் நிறுவனம், நிலையத்தின் மேலும் அருகிலும் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பின்படி அரசிடமிருந்து பெறுகிறது. கட்டுமானச் செலவைத் தனியார் நிறுவனம் ஏற்க, ஆதாயத்தில் ரயில் நிறுவனத்துக்கும் பங்கு கிடைக்கிறது. இது புதிய சிந்தனையும் அன்று. ஜப்பானில் 1910-ஆம் ஆண்டிலேயே, ஒசாகாவிலிருந்து புதிதாகப் பாதை போட்ட ஒரு தனியார் ரயில் நிறுவனம், இக்கேடா என்னும் ஊரில் வீடுகள் கட்டி மாதத் தவணைக்கு விற்றது. வீடு வாங்கியவர்களே அந்த ரயிலின் அன்றாடப் பயணிகளும் ஆனார்கள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பொதுப் பணத்தில் போட்ட பாதையால் ஏறும் நில மதிப்பு, அப்படியே விட்டுவிட்டால் நில உடைமையாளருக்கே போய்ச்சேரும். வாடகைக்கு இருப்போரும் சிறு வணிகரும் வெளியேற நேரிடும். லண்டனில் நகரைக் குறுக்காகக் கடந்து செல்லும் ‘கிராஸ்ரெயில்’ என்னும் ரயில் திட்டத்துக்காக, பெரிய வணிகக் கட்டடங்கள்மீது 2010 முதல் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அத்தகைய வரியையோ, புதிய கட்டடங்களில் ஒரு பங்கு எளிய வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையோ, தடம் அறிவிக்கப்படும் நாளிலேயே சேர்த்து அறிவித்துவிட வேண்டும். மனைகள் கைமாறி முடிந்தபின் விதிக்கப்படும் நிபந்தனையை, ஏறிய விலைக்கு நிலம் வாங்கிய கட்டுநரால் தாங்க முடியாது. அவர் கட்டுவதையே தள்ளிப்போட்டுவிடுவார்.