ஒரு பேண்ட் இறங்கி இன்னொன்று ஏறுவதற்குள்

வணக்கம். சொந்தப் பாட்டு வைத்திருக்கிற சின்னச் சின்ன பேண்டுகள் மூன்று நான்கு சேர்ந்து, நூறு பேர் வந்தாலே மூச்சு முட்டுகிற ஓர் அறையில் ஒரே ராத்திரி வாசிப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். நானும் அப்படியொரு பேண்டில் கிடார் வாசிக்கிறவன்தான். பாட்டு எப்படி என்பதெல்லாம் அப்புறம். நிகழ்ச்சி தேறுமா இல்லையா என்பது ஒரு பேண்ட் இறங்கி இன்னொன்று ஏறுகிற அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் நீங்கள் வாசியுங்கள் என்றால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. கூட்டம் சேர்ந்திருக்காது, வந்தவர்களும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், சரி. ஆனால் சவுண்ட் செக், அதாவது கூட்டம் வருவதற்கு முன் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது, பெரும்பாலும் தலைகீழ் வரிசையில்தான் நடக்கும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் முடித்துவிட்டு இறங்க, முதலில் வாசிப்பவர்கள் கடைசியாகச் செய்வார்கள், அவர்கள் வைத்த மைக் வைத்த இடத்திலும் ஒவ்வொன்றின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பலகையில் ஏற்றிய அளவு ஏற்றியபடியும் இருக்க, அப்படியே கதவைத் திறந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல இடம். நான் கேட்டே வாங்குவேன்.

டிரம்ஸ் ஒரு செட்தான் இருக்கும், எல்லோருக்கும் அதுவே. ஆனால் ஸ்னேர் (நடுவில் இருக்கும் சின்ன டிரம்), சிம்பல் (வட்டமான உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி) மூன்றையும் அவரவர் கொண்டுவர வேண்டும். சிம்பல் விரிசல் விட்டால் விட்டதுதான். இன்னொருவர் ஆம்பை (கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) இரவல் வாங்கினால், திருகுகள் எந்த எண்ணில் நிற்கின்றன என்று தொடுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொண்டு, முடிந்ததும் அதேபோல் திருப்பி வைத்துவிடுங்கள். அப்புறம் இந்தக் கேபிள். கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழகாகச் சுருட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அள்ளிக்கொண்டு இறங்குங்கள் ஐயா, கீழே போய்ச் சுருட்டலாம்.

சத்தத்துக்கு வருவோம். டிரம்ஸைக் குறைக்கத் திருகு கிடையாது, அதனால் மற்றவர்கள்தான் அதை அனுசரித்துப் போக வேண்டும். கிடார்க்காரர் தன் காதுக்கு எட்டவில்லையென்று ஆம்பைக் கூட்டுவார் (அது அவர் முழங்காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் சாய்த்து வைத்தால் காதுக்கு வந்துவிடும்), உடனே பாடுகிறவர் தன் குரல் கேட்கவில்லை என்பார், மானிட்டரை (மேடையில் இருப்பவர்களுக்கே கேட்க அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றுவார்கள், அது மைக்கில் புகுந்து திரும்ப மானிட்டருக்கே வந்து ஊளையிடும். மேடையில் பாடுகிற மைக் பெரும்பாலும் முன்னால் வருவதைத்தான் வாங்கும், பின்பக்கம் அதற்குக் காது மந்தம்; மானிட்டரை அந்தப் பக்கம் வைப்பதே அதற்காகத்தான். ஸ்டைலுக்காக மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் போய்விடும், ஊளை கூடும். திட்டு மட்டும் சவுண்ட் இன்ஜினியருக்கு.

தன் பங்கை வாசித்து முடித்ததும் பெட்டியைக் கட்டி, நண்பர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற பேண்ட் ஒன்று எங்கேயும் இருக்கும். இந்த மாதிரி இடங்களில் கூட்டமே பெரும்பாலும் அந்தந்த பேண்டின் ஆட்கள்தான், அவர்கள் போனால் கடைசி பேண்ட் சுவரைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான். இருந்து கேளுங்கள், ஆனால் காதடைப்பானோடு கேளுங்கள். பணியிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம்; 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் அது முதல் பேண்டின் நாலாவது பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.