காலகட்டங்களைத் திறந்தது கைக்கு வந்த பொருளே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கலை வரலாற்றின் காலகட்டங்களைப் பிறப்பித்தது கலைஞனின் சிந்தனையா, அவன் கைக்கு வந்த பொருளா என்று வழக்காடும் இம்மன்றத்தில், எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் புதிய சிந்தனையின் பிள்ளை என்றார். கண்முன் மாறும் ஒளியைத் தீட்ட முனைந்த 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியத்தைக் கலகக்காரர்களின் கொடை என்றார். பல்லவர் காலத்து மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலின் கல்வெட்டையும் தம் பக்கத்துச் சான்றாக வைத்தார். மூன்றையும் மறுக்கவே எழுந்திருக்கிறேன். கலைஞனின் சிந்தனையை நான் சிறுமைப்படுத்தவில்லை. சிந்தனை எல்லாக் காலத்திலும் இருந்தது. ஒரு காலத்தை அடுத்த காலத்திலிருந்து பிரித்தது எது என்பதே நம்முன் உள்ள வழக்கு.

மறுமலர்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். பதுவை அந்தோனியார் என்று நம் மக்கள் வணங்கும் புனிதரின் பெயரோடு ஒட்டியிருக்கும் அந்த இத்தாலியப் பதுவை நகரில், 1305ஆம் ஆண்டளவில் ஓவியர் ஜியோட்டோ ஒரு சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டினார். சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே அதில் வண்ணம் ஏற வேண்டும். காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும். ஆகவே அன்றன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கே அன்றன்று காரை பூசினார்கள். நீலத்துக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. காய்ந்த பூச்சின்மேல் பசை சேர்த்துத் தீட்டிய நீலம் பல இடங்களில் உதிர்ந்துபோயிருக்கிறது. பொழுதுக்குள் காய்ந்துவிடும் சுவரின் முன் நிற்பவன் நுணுக்கங்களில் தங்கியிருக்க முடியாது; அகன்ற உருவம், உறுதியான கோடு, தெளிவான அசைவு என்றே அவன் எண்ணப் பழகுகிறான்.

அடுத்த நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டு (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் யான் வான் ஐக் கையாண்டது எண்ணெய் வண்ணம். முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் நிமிடங்களில் காயும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது காய நாள்கணக்கு ஆகும். எண்ணெயை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே தெரிந்ததுதான் என்று எதிரணியினர் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணெயின் மெதுவான குணமே, கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற அவருக்கு இடம் கொடுத்தது. 1434இல் அவர் தீட்டிய அர்னோல்ஃபினி இணையர் ஓவியத்தின் பின்சுவரில் தொங்கும் குவிந்த கண்ணாடியை உற்றுப் பாருங்கள்: அந்த அறையும், சன்னலும், வாசலில் நிற்கும் வேறு இருவரும் அதற்குள் இருக்கிறார்கள், அதன் சட்டத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு வட்டங்களில் ஏசுவின் பாடுகள் இருக்கின்றன. பலகையின் மொத்த உயரமே சுமார் 82 சென்டிமீட்டர்தான். ஜியோட்டோவின் சுவரில் இந்த நுணுக்கம் இல்லாததற்கு அவருடைய சிந்தனையில் குறை காண்பீர்களா?

இனி மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக, விசித்திரசித்தன் என்ற பெயரில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே பொறித்திருக்கிறான். பொருளை மன்னனின் சிந்தனை வென்றதற்கு இது சான்று என்றார் எதிரணித் தலைவர். நான் அந்த வரியை வேறுவிதமாகப் படிக்கிறேன். தன் காலம் புதிது என்று ஊருக்கு அறிவிக்க வந்த ஓர் அரசன், அதை நான்கு பொருள்களின் பெயரைச் சொல்லித்தான் அறிவிக்க முடிந்தது! அந்த நான்குக்கும் பதிலாகக் குடைவதற்குப் பாறை வந்தது, பாறைக்கேற்ற பருத்த தூண்களும் வந்தன. பின்னர் சோழர் காலத்தில் மெழுகில் உருச்செய்து வெண்கலம் வார்த்தபோதுதான், விரிசடை காற்றில் பறக்க, எடுத்த பாதம் தாங்கலின்றி நிற்கும் ஆடவல்லானைச் சுற்றிவந்து பார்க்க முடிந்தது. அதே கோலத்தைக் கருங்கல்லில் செதுக்குகிறவர், கையும் காலும் முறியாதிருக்கப் பின்னால் கல்லை விட்டுவைத்தாக வேண்டும்.

இம்ப்ரெஷனிசத்துக்கு வருகிறேன். குழைத்த எண்ணெய் வண்ணத்தை ஓவியர்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஆணியால் குத்திப் பிதுக்கிய பிறகு அதைச் சரியாக மூடவும் முடியாது, வெளியே கொண்டுபோனால் வெடித்தும் போகும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், திருகு மூடியிட்டுப் பயன்படுத்தத் தக்க மெல்லிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பும் வெளியில் தீட்டியவர்கள் உண்டு. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் வானத்தைப் பார்த்துத் தீட்டிய சிறு படங்களை நானும் மதிக்கிறேன். ஆனால் திறந்தவெளி ஒரு தலைமுறைக்கே பணிமனையாக மாறியது குழாய் வந்த பிறகுதான். 1870இல் பிரான்சின் துரூவில் கடற்கரையில் இம்ப்ரெஷனிச ஓவியர் குளோத் மொனே தீட்டிய ஓவியம் ஒன்று லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்கள் பதிந்திருக்கின்றன. கடற்காற்று அள்ளி எறிந்த அந்த மணல், வண்ணம் ஈரமாக இருந்தபோது ஒட்டி, 150 ஆண்டுகள் கடந்தும் அங்கேயே இருக்கிறது. நடுவர் அவர்களே, என் அணியின் சாட்சியாக அந்த மணலையே இம்மன்றத்தின் முன் வைத்து அமர்கிறேன்.