சியூ தியும் சூப்பர் மார்க்கெட்டும்: வியட்நாமியர்கள் கடினமான ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் வழி

திரையில்: ஹனோயில் ஒரு பெரிய கடை. முகப்புப் பலகையில் 'சியூ தி'.

வணக்கம். வியட்நாமிய மொழியில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பெயர் 'சியூ தி'. இதைப் பிரித்துப் பாருங்கள். 'சியூ' என்றால் அளவை மிஞ்சியது, அதாவது சூப்பர். 'தி' என்றால் சந்தை. ஆங்கிலச் சொல்லைக் கட்டிய அதே செங்கற்களை அதே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாமிய மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள். தமிழ் எழுத்தில் அவற்றைக் காட்ட முடியாது. அதனால் இன்று நான் உச்சரிப்பதெல்லாம் கிட்டத்தட்டதான்.

சரி, ஹனோயில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். அன்றாட ஆங்கிலம் அவளுக்கு வரும். இப்போது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறாள். கையில் ஒரு நோட்டு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் வியட்நாமியப் பொருள். ஒரு நாளைக்கு முப்பது சொற்களை மனப்பாடம் செய்கிறாள். அடுத்த வாரம் அவற்றில் பாதிகூட நினைவில் நிற்பதில்லை. தனக்கு மொழி வராது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வீடியோவை நான் செய்வதே அவளுக்காகத்தான். அவளுடைய மொழியிலேயே அவளுக்கு உதவக்கூடிய ஒரு சாவி இருக்கிறது, அதை யாரும் அவளிடம் எடுத்துக் கொடுக்கவில்லை.

திரையில்: இரண்டு வரைபடங்கள் பக்கம் பக்கமாக. ஒன்று இங்கிலாந்து, 1066. மற்றொன்று வியட்நாம், கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. தேவாலயத்திலும் கல்வியிலும் ஏற்கெனவே லத்தீன் இருந்தது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று அடுக்குகளில் சொற்கள் கிடக்கின்றன.

வியட்நாமில் நடந்தது இதற்கு நெருங்கிய கதை. கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சி. 938-இல் பாக் டாங் ஆற்றுப் போரில் ஙோ குயென் வென்ற பிறகு அது முடிந்தது. ஆனால் சீன எழுத்து போகவில்லை. அரசாணை, கவிதை, அரசுத் தேர்வு எல்லாம் அந்த எழுத்திலேயே நடந்தன. அப்படிப் படித்துப் படித்து உள்ளே வந்த சொற்களுக்கு 'ஹான் வியெத்' என்று பெயர். அரசியல், சட்டம், அறிவியல், தத்துவம் என எதைப் பேசினாலும் இந்தச் சொற்கள் இல்லாமல் முடியாது.

ஆக இரண்டு மொழிகளிலும் வீட்டுச் சொல் ஒன்று, மேடைச் சொல் ஒன்று. ஓர் உதாரணம் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்தது இது.

திரையில்: மேல் வரிசையில் ஆஸ்க், க்வெஸ்சன், இன்டெராகேட். கீழ் வரிசையில் ஹொய், சத் வன், தம் வன்.

அம்மாவிடம் ஒன்று கேட்டால் அது 'ஹொய்'. ஆங்கிலத்தில் ஆஸ்க். தேசிய சட்டமன்றத்தில் உறுப்பினர் எழுந்து அமைச்சரைக் கேட்டால் 'சத் வன்', ஆங்கிலத்தில் க்வெஸ்சன். விசாரணை அறையில் உட்காரவைத்துக் கேட்டால் 'தம் வன்', அதுதான் இன்டெராகேட். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வரும் 'வன்' என்ற அசைக்குக் 'கேட்பது' என்று பொருள். இன்டெராகேட்டின் நடுவில் லத்தீன் ரொகாரே ஒளிந்திருக்கிறது. அதற்கும் கேட்பது என்றுதான் பொருள்.

எந்தச் சொல்லை எங்கே சொல்லலாம் என்ற கூச்சம் அந்த மாணவிக்கு ஏற்கெனவே இருக்கிறது. அம்மாவிடம் 'தம் வன்' செய்தேன் என்று அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள். அந்தக் கூச்சத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும். இன்டெராகேட் என்பதற்கு எதிரே வெறுமனே 'ஹொய்' என்று எழுதிவைத்த நோட்டுதான் அவளைக் கெடுக்கிறது.

இப்போது உறுப்புகளுக்கு வருவோம். 'ஹொக்' என்றால் கற்பது, துறை. சின் ஹொக் பயாலஜி. தம் லி ஹொக் சைக்காலஜி. நாம் உயிரியல், உளவியல் என்று 'இயல்' சேர்ப்பதுபோலத்தான். 'ஹ்வா' என்றால் மாறுதல். துவான் கவ் ஹ்வா குளோபலைசேஷன், டோ தி ஹ்வா அர்பனைசேஷன். இந்த டோ தியில் வரும் 'தி', கடைப் பலகையில் பார்த்த அதே சந்தைதான். 'பத்', 'வோ', 'ஃபி' மூன்றும் இல்லை, அல்ல என்று மறுப்பவை. ஆங்கிலத்தில் அன், இன், நான், லெஸ் செய்யும் வேலையை இவை செய்கின்றன.

'பான்' என்றால் பாதி. கால்பந்து என்றால் வியட்நாமே தெருவுக்கு வந்துவிடும். அதனால் 'பான் கெத்' தெரியாத பிள்ளை அங்கே இருக்காது: பாதி முடிவு, அதாவது செமி ஃபைனல். பான் கவ், பாதி உருண்டை, ஹெமிஸ்பியர். பான் டாவ், பாதித் தீவு, பெனின்சுலா. இங்கே நின்று கவனியுங்கள். வியட்நாமிய மொழியில் மூன்றிலும் ஒரே 'பான்'. ஆங்கிலத்தில் ஒன்று லத்தீன் செமி, ஒன்று கிரேக்க ஹெமி, மூன்றாவதில் 'ஏறக்குறைய' என்று பொருள் தரும் லத்தீன் பைனே. அதாவது ஏறக்குறையத் தீவு. ஆங்கிலம் இரண்டு வீட்டில் கடன் வாங்கிய மொழி, அதனால் இந்தக் குழப்பம். 'பான்' என்ற ஆணியை அடித்து இந்த மூன்றையும் அதில் மாட்டிவிட்டால், பிறகு வரும் செமி, ஹெமி சொற்களும் அங்கேயே போய்த் தொங்கும்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. அரசுத் தேர்வு 1919-இல் கடைசியாக நடந்தது. அப்புறம் லத்தீன் எழுத்து முறையான குவோக் ஙூ எங்கும் பரவியது. இன்று பெரும்பாலான இளைஞர்களுக்குச் சீன எழுத்து தெரியாது. ஒரே மாதிரி எழுதப்படும் அசைகளில் எது எந்த வேர் என்பது மங்கிவிட்டது. 'யெவு டியெம்' என்ற சொல்லுக்கு முக்கியமான இடம் என்று பொருள். ஆனால் பேச்சு வழக்கில் 'யெவு' என்றால் பலவீனம். அதனால் வியட்நாமியர்களே பலர் அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர் ஆங்கிலத்தில் கீ பாயின்ட் என்று சொல்லவேண்டிய இடத்தில் வீக்னஸ் என்று சொல்லிவிடுவார். ஆகவே ஹான் வியெத் அகராதி ஒன்று மேசைமேல் இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கப்போய்த் தாய்மொழியின் வேரையும் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய சந்தோஷமாகப் படுகிறது.

திரையில்: 'கின் தே' என்ற ஒரு சொல்லிலிருந்து நான்கு அம்புக்குறிகள்.

சாவி திறக்காத கதவுகளும் இருக்கின்றன. வியட்நாமியச் சொல் உருமாறாது. கின் தே என்றால் பொருளாதாரம். பொருளாதார வளர்ச்சியா, அதே கின் தே. சிக்கனமானதா, பல இடங்களில் அதே கின் தே. ஆங்கிலத்திலோ எகானமி, எகனாமிக், எகனாமிக்கல், எகனாமிக்ஸ் என்று நான்கு. வினையைப் பெயராக்க வியட்நாமியர் முன்னால் 'ஸு' என்ற சொல்லை வைத்தால் போதும். ஆங்கிலத்தில் வால் மாறுகிறது, அதுவும் ஷன், மென்ட், அன்ஸ் என்று சொல்லுக்குச் சொல் வேறு வால். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு சொல்லைத் தனியாகப் படிக்காமல் குடும்பமாகப் படிக்க வேண்டும். எகானமியில் அழுத்தம் இரண்டாம் அசையில், எகனாமிக்கில் மூன்றாம் அசையில். ஒவ்வோர் அசைக்கும் தொனி கொடுத்துப் பழகிய நாவுக்கு, ஓர் அசையை மட்டும் தூக்கி மற்றதை அமுக்குவது சிரமம். அதனால் சொல்லை எழுதும்போதே அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லின் கடைசி ஒலிகளையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு ஃபில்ம் வியட்நாமில் 'ஃபிம்' ஆனது. க்ரெம் 'கெம்' ஆனது. அங்கே 'ல்' கரைந்தது, இங்கே 'ர்'. மெய்கள் கூட்டமாக நிற்பதை அந்த மொழி விரும்பாது. ஸ், ல் போன்றவை அசையின் முடிவில் வராது. ஆங்கிலத்தின் பன்மையும் இறந்த காலமும் சொல்லின் கடைசியில்தானே ஒட்டிக்கொண்டிருக்கின்றன? ஸ்ட்ரெங்த்ஸ் என்று ஒரு சொல், ஒரே அசை. முன்னால் மூன்று மெய், பின்னால் ஒரு கொத்து. அதை வாயால் நூறு தடவை சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது தனிப் பாடம். வியட்நாமியர் மருந்தைக் குடிப்பார்கள், மாத்திரையாக இருந்தாலும். நாம் சாப்பிடுகிறோம். ஆங்கிலேயர் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல டிகாக்‌ஷன் இறங்கிய தேநீர் அங்கே 'அடர்த்தி', ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங்'. சொல்லை ஜோடியாக எழுதிவைத்தால் இந்தத் தவறு குறையும்.

திரையில்: இரவு, ஹனோயின் ஹோவான் கியெம் ஏரி. தண்ணீரில் விளக்கொளி.

இப்போது நான் ஆசையாகக் காத்திருந்த பகுதி. ஹான் வியெத் மேடைச் சொற்களைத் தரும். கண்ணும் காதும் உணர்வதைச் சொல்ல வியட்நாமியரிடம் 'லாய்' சொற்கள் இருக்கின்றன, நம் இரட்டைக்கிளவிக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. நட்சத்திரம் மின்னினால் 'லப் லான்'. ஏரியில் விளக்கொளி ஆடினால் 'லுங் லின்'. கண்ணிலோ புல்நுனிப் பனியிலோ ஈரமாக ஒளிர்ந்தால் 'லொங் லான்'. விட்டு விட்டுப் பளிச்சிட்டால் 'லப் லுவாங்'. எல்லாம் 'ல'வில் தொடங்கி 'ல'வில் திரும்புகின்றன.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு: க்ளிட்டர், க்ளிம்மர், க்ளிஸன், க்ளின்ட். எல்லாமே 'க்ள' என்று தொடங்குகின்றன. அகராதியில் நான்குக்கும் 'ஒளிர்தல்' என்று போட்டிருப்பார்கள், மாணவி நான்கையும் குழப்பிக்கொள்வாள். அதற்குப் பதில் க்ளிஸன் பக்கத்தில் 'லொங் லான்' என்று எழுதட்டும். ஈரம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். க்ளின்ட் பக்கத்தில் 'லப் லுவாங்'. அச்சாக ஒத்துப்போகும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மினுமினுப்பு வேறு, தகதகப்பு வேறு என்று நமக்குத் தெரிவதுபோல அவளுக்கும் தெரியும். அந்த நுட்பத்தைக் கல்வித்துறைச் சொற்பட்டியல்கள் தரவே முடியாது.

பட்டியல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. அந்த 570 ஒரு கல்விக் கட்டுரையில் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கும். பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழி வந்தவை. ஹான் வியெத் சாவி இங்கேதான் நன்றாகத் திறக்கும். நாவலையும் செய்தித்தாளையும் யார் துணையும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் பால் நேஷன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். இந்த எண்ணைக் கேட்டு அந்த மாணவி பயந்துவிடக்கூடாது. ஒரு நாளைக்கு முப்பது உதிரிச் சொல் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு வேர். ஒவ்வொரு வேரிலும் நான்கைந்து சொற்கள், அவற்றின் குடும்பம், ஒட்டும் ஜோடி, அழுத்தக் குறி, அவள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். மறுநாள் ஒரு தடவை, நான்கு நாள் கழித்து ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை, பக்கத்தை மூடிவைத்து நினைவுகூர வேண்டும்.

அந்த வாக்கியம் அவளுடையதாகவே இருக்கட்டும். உதாரணத்துக்கு, அவள் தாத்தாவின் அண்ணன் வியட்நாம் போர்க்காலத்தில், 1972-இல் குவாங் சி கோட்டைப் போரில் இறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 81 நாள் நடந்த போர். வியட்நாமிய மொழியில் அவர் 'இறந்தார்' என்று சொல்லமாட்டார்கள். 'ஹி சின்' என்பார்கள். அகராதியில் அதற்கு எதிரே சாக்ரிஃபைஸ் என்றிருக்கும். அவள் 'ஹி சாக்ரிஃபைஸ்ட்' என்று எழுதுவாள். படிக்கும் ஆங்கிலேயர், எதைத் தியாகம் செய்தார் என்று கேட்பார். ஹி சின் சொல்லுக்குள்ளேயே உயிர் இருக்கிறது, சாக்ரிஃபைஸில் அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

அந்த மரியாதையை ஆங்கிலத்திலும் ஒரே சொல்லில் சொல்லலாம். அது லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. நம் நடுகற்களில் 'பட்டான்' என்று வெட்டியிருப்பார்களே, அதுபோல அவள் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்ட ஒரு வீட்டுச் சொல்: விழுந்தார்.

திரையில்: நோட்டுப் புத்தகம். சாக்ரிஃபைஸ்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. கீழே அவள் கையெழுத்தில்: ஹி ஃபெல் அட் குவாங் சி.